எண்ணி எழுதுதல்

எழுதப் புகுவோர்க்கு இருவகைக் கவலைகள் உண்டு. எழுதுதற்குப் பொருள் இல்லையே என்பது ஒன்று. எழுதுதற்கு இடம் இல்லையே என்பது மற்றொன்று. முன்னையது எழுத்தையே தொழிலாகக் கொண்ட சிலர்க்கு மட்டும் உரியது. பின்னையதோ இன்று எல்லார்க்கும் பொதுவாகிவிட்டது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடியில் குடியேறிய பால்வெட்டுத் தொழிலாளியும், பட்டணத்துக் கடையில் கணக்கெழுதும் இளைஞனும், பள்ளியில் கட்டுரை எழுதும் சிறுமியும் “இத்தனை எழுத்துக்கு மேல் ஆகாது”, “இத்தனை சொல்லுக்கு மேல் ஏற்கப்படாது” என்னும் கட்டளையை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். கைப்பேசித் திரையின் மூலையிலே ஓர் எண் குறைந்துகொண்டே வருகிறது. அது சுழியத்தைத் தொட்டவுடன் நம் வாய் அடைபடுகிறது. இவ்வரம்பு நமக்கு நன்மை செய்கிறதா, தீமை செய்கிறதா? செய்வது எதுவாயினும், அதற்குள் நின்று நம் கருத்தைக் குறைவறச் சொல்லுதல் எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் பற்றி நான் கண்டறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

நான் வாழ்வது சுங்கை பூலோவில். 1930-இல் திறக்கப்பெற்ற தொழுநோயர் குடியிருப்பினாலும், ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்தினாலும் பெயர் பெற்ற ஊர் இது. அக்குடியிருப்பைச் சுற்றி இன்று பூஞ்செடி விற்கும் நாற்றங்கால்கள் வரிசையாய் நிற்கின்றன. அச்சோதனைத் தோட்டத்தின் நிலத்திலே குவாசா டாமன்சாரா என்னும் புதுநகர் எழுந்து வருகின்றது. 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் கோலாலம்பூரை நோக்கி விரைவு ரயிலும் ஓடத் தொடங்கிற்று. இத்தனை மாறுதல்களுக்கிடையே மாறாத வழக்கம் ஒன்று உண்டு. எழுத வராதவர் எழுத வந்தவரைத் தேடி வருவதே அது. முற்காலத்தில் தோட்டத்துக் கிராணியிடமும் பள்ளி வாத்தியாரிடமும் கடிதம் எழுதச் சொல்லி நம் மக்கள் திண்ணையில் காத்திருந்தனர். இன்று கைப்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு, ஓய்வு பெற்ற வாத்தியாராகிய என் வீட்டுக்கு வருகின்றனர். தாள் போய்த் திரை வந்தது, தேவை போகவில்லை.

எழுத்துக்கு வரம்பு வந்தது இன்று நேற்றன்று. எழுதும் பொருள் எதுவோ அதுவே வரம்பையும் இடும். நம் முன்னோர் எழுதியது பனையோலையில். ஓலையின் நீளமும் அகலமும் மரம் தந்தவை. மனிதன் நீட்ட இயலாதவை. மேலும் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே எழுதிச் சென்றனர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடு தெரியாமல் மயங்கி நின்றன. அக்குறை தீரப் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனிக்குறி அமைத்தார். ஓலை காத்த சிக்கனத்திற்கு விலை கொடுத்தவர் யார்? பின்வந்த வாசகரே. ஒரு சொல்லைப் பல வகையாய்ப் படித்துப் பாடபேதங்களோடு அவர் போராட நேர்ந்தது. இடத்தை மிச்சப்படுத்துவோன் ஒருவன், அதற்கு உழைப்பைச் செலுத்துவோன் வேறொருவன் என்னும் இவ்வுண்மையை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அது பயன்படும்.

ஓலைக்குப்பின் தந்தி வந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. தாயகத்திலிருந்து தந்தி வந்தது என்றாலே லயத்து வீடுகளில் பிரித்துப் படிக்குமுன் ஒப்பாரி எழுந்த காலம் ஒன்று இருந்தது. காசு கொடுத்துச் சொல்லை அளந்து அனுப்புவது பெரும்பாலும் சாவுச் செய்திக்கே என்பது எல்லார்க்கும் தெரியும். இந்தியாவில் அச்சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலையோடு முடிவுற்றது. தந்திக்கு மாறாக, நலம் விசாரித்தற்கு நீலநிற விமானக் கடிதத்தாள் இருந்தது. மடித்து ஒட்டினால் அதுவே உறை. உள்ளே வேறு தாள் வைத்தல் கூடாது. அதற்கும் வரம்பு உண்டுதான். ஆனால் தாள் நிரம்பியபின் நம்மவர் ஓரத்தில் எழுதினர். ஓரமும் நிரம்பினால் ஒட்டும் மடிப்பின்மேல் எழுதினர். “தங்கச்சிக்குச் சடங்கு வைத்திருக்கிறோம்” என்னும் தலையாய செய்தி, கடிதத்தின் இடப்புற ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடுவதை நான் பன்முறை படித்துக் காட்டியிருக்கிறேன். தாளுக்கு இரக்கம் உண்டு. அதற்கு ஓரம் இருந்தது. இயந்திரத்திற்கு ஓரம் இல்லை.

இனி இயந்திர வரம்பின் பிறப்பைப் பார்ப்போம். குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்று வகுத்தது யார்? ஜெர்மனியில் பான் நகரத்திலே ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்னும் பொறியாளர், 1985-ஆம் ஆண்டு தம் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து மனம்போன போக்கில் வாக்கியங்களை அடித்துப் பார்த்தார். ஒன்றிரண்டு வரிகளில் அடங்கிய அவற்றின் எழுத்துகளை எண்ணினார். பெரும்பாலானவை 160-க்குள் நின்றன. அஞ்சலட்டைகளில் மக்கள் எழுதுவதும் பெரும்பாலும் 150-க்குள் அடங்குவதைக் கண்டார். போதும் என்று முடிவு செய்தார். அம்முடிவின்படி 1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி பறந்தது. கிறிஸ்துமஸ் வாழ்த்தே அது. அவர் எண்ணிய வாக்கியங்கள் எம்மொழியின? உரோமன் எழுத்தால் எழுதப்படும் ஐரோப்பிய மொழிகளின. அதிலே சூது ஒன்றும் இல்லை. தன் வீட்டுக் கதவைச் செய்வோன் தன் உயரத்திற்கே செய்வான். ஆனால் அக்கதவின் வழியே உலகத்தார் அனைவரும் புகவேண்டும் என்று ஆனபோது, சிலர் குனிய நேர்ந்தது.

எவ்வளவு குனிந்தோம் என்பதைக் கணக்கிட்டே காட்டலாம். ஒரு குறுஞ்செய்தி சுமக்கும் பாரம் 140 எண்மக் கட்டுகள். அதாவது 1,120 சிறு துணுக்குகள். உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஏழு துணுக்குகள் போதும்; ஆகவே 160 எழுத்துகள் ஏறும். தமிழ் முதலிய மொழிகளின் எழுத்துக்குறி ஒன்றுக்குப் பதினாறு துணுக்குகள் வேண்டும். ஆகவே 70 குறிகளே ஏறும். அவ்வெழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. நாம் அரிச்சுவடியில் கற்றது உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. “கோ” என்பது நமக்கு ஓரெழுத்து. ஒருங்குகுறி என்னும் உலகப் பொதுமுறையிலோ, அகரமேறிய மெய் ஒரு குறி; அதன்மேல் ஏறும் உயிர்க்குறி மற்றொரு குறி; புள்ளியும் ஒரு தனிக்குறி. “தமிழ்” என்பது நமக்கு மூன்றெழுத்து, இயந்திரத்திற்கு ஐந்து. “சுங்கை பூலோ” நமக்கு ஐந்தெழுத்து. இயந்திரத்திற்கு இடைவெளி நீங்கலாகப் பத்து. ஓலைக்காலத்தில் எழுதாமலே விடப்பட்ட புள்ளிக்கு, இக்காலத்தில் ஒரு முழு எழுத்தின் கட்டணம்! காலத்தின் விளையாட்டை என்னென்பது!

“அம்மாவுக்கு உடல் நலமில்லை. உடனே புறப்பட்டு வரவும்.” தந்தியில் வருவது போன்ற சிறு செய்தி இது. நம் கணக்கில் இருபத்தேழு எழுத்துகள். இயந்திரம் இடைவெளியும் நிறுத்தக்குறியும் சேர்த்து ஐம்பது என்று எண்ணும். எழுபதில் ஐம்பது போயிற்று. எந்த மருத்துவமனை, எந்த வார்டு என்று சொல்ல மிஞ்சுவது இருபதே. இதனையே உரோமன் எழுத்தில் எழுதினாலும் ஏறத்தாழ ஐம்பதுதான் ஆகும். ஆனால் அங்கே வரம்பு 160. நூற்றுப்பத்து எழுத்துகளுக்கு இன்னும் இடம் உண்டு. ஆகவே மொழி ஒன்றே, செய்தி ஒன்றே, எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றே. எழுத்து மட்டும் வேறானால் இடம் பாதிக்கும் கீழே! எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிளந்தது, கட்டணமும் இரண்டாயிற்று.

இதன் விளைவு யாது? நம் பிள்ளைகள் தமிழை உரோமன் எழுத்தால் எழுதக் கற்றுக்கொண்டனர். அதனைச் சோம்பல் என்றும், மொழிப்பற்று இன்மை என்றும் மேடைதோறும் வைதவர் பலர். வைதவர்களில் எத்தனை பேர் கட்டணச் சீட்டை எடுத்துப் பார்த்தனர்? தொடக்கக் காலக் கைப்பேசிகளில் பெரும்பாலானவை தமிழைக் காட்டவே அறியாதவை. காட்ட அறிந்தபின்னும் தமிழில் எழுதுவோன் இருமடங்கு செலவிட நேர்ந்தது. காசை எண்ணிச் செலவழிக்கும் தோட்டத்துப் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான்? பழக்கத்தைப் பழிப்பதற்கு முன் பழக்கத்தின் காரணத்தை ஆராய்வதன்றோ பகுத்தறிவு! நம் நாட்டவராகிய முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் செயலி, 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியிடப்பெற்றது. கைப்பேசியில் தமிழ் எழுத்தாலேயே செய்தி விடுக்க அது வழி திறந்தது. இன்று இணையவழிச் செய்திகளில் எழுபது என்னும் சுவர் இடிந்துவிட்டது. கட்டணமும் எழுத்தைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. எனினும் உரோமன் எழுத்துப் பழக்கம் பலரிடம் இன்னும் நீங்கவில்லை. வரம்பு போனபின்னும் அது வளைத்த கிளை வளைந்தே நிற்கின்றது.

ஆதலின் ஒரு வரம்பைக் கண்டவுடன் நாம் கேட்கவேண்டிய முதல் வினா, இதனை இட்டவர் யார், யாரை மனத்திற்கொண்டு இட்டார் என்பதே. இயந்திரத்தின் பொருட்டு எழுத்தைத் திருத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1935-இல் பெரியார் தம் ‘குடி அரசு’ ஏட்டில் சீர்திருத்த எழுத்துகளை வழங்கத் தொடங்கியதும், 1978-இல் தமிழ்நாட்டு அரசு அவற்றுட் சிலவற்றை ஏற்று ஆணையிட்டதும், அச்சுக் கோப்போரின் சுமையையும் கற்போரின் சுமையையும் குறைத்தற்பொருட்டே. அது நம் பயனை நோக்கி, நம்மவரே வாதிட்டுத் தேர்ந்த சிக்கனம். எழுபது என்பதோ நம்மைக் கேளாமலே நம்மேல் விழுந்த சிக்கனம். இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது.

இங்ஙனம் சொல்வதால் வரம்பே வேண்டா என்பாரும் எழுவர். அவர்க்கு ட்விட்டரின் வரலாறு விடை கூறும். 2006-இல் தொடங்கிய அத்தளம், குறுஞ்செய்தியின் 160-இல் பயனர் பெயருக்கு இருபது ஒதுக்கி, 140 எழுத்தை வரம்பாக வைத்தது. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் பெரும்பாலான மொழிகட்கு அதனை 280 ஆக்கியது. சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு மட்டும் 140 என்பதையே வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் எழுதுவோரின் பதிவுகளில் நூற்றுக்கு ஒன்பது 140-இல் முட்டி நிற்க, ஜப்பானியத்தில் நூற்றுக்கு அரைப்பங்கும் முட்டவில்லை என்று அந்நிறுவனம் கணக்குக் காட்டியது. எண் ஒன்றாயினும் மொழிக்கு மொழி இடம் வேறுபடும் என்பதை ஒரு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. ஆனால் வேலி அகன்றபின் நடந்தது என்ன? இடம் இரட்டித்தும், 140-ஐத் தாண்டிய பதிவுகள் சோதனைக் காலத்தில் நூற்றுக்கு ஐந்தே. மக்களில் பெரும்பாலோர்க்குச் சிறிதளவு இடமே போதுமாயிருந்தது. பின்னர் அத்தளம் எக்ஸ் என்று பெயர் மாறிற்று. 2023 முதல் கட்டணம் செலுத்துவோர் நெடுங்கட்டுரையே எழுதலாம் என்றாயிற்று. பணம் உடையோர்க்கு நீண்ட நாவு, இல்லார்க்கு 280! வரம்பின் தீமை அதன் சிறுமையில் இல்லை, அதன் நடுவுநிலை இன்மையில் உள்ளது.

எழுத்து வரம்பு வேறு, சொல் வரம்பு வேறு என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். எழுத்தை எண்ணும் இடத்தில் இழக்கும் தமிழன், சொல்லை எண்ணும் இடத்தில் பெறுகின்றான். “வந்துகொண்டிருந்தவர்களுக்கு” என்பது நமக்கு ஒரே சொல். வேற்றுமை, காலம், பால், எண் அனைத்தையும் ஒரு சொல்லின் வாலிலே கட்டிவிடும் மொழி நம்முடையது. பிறமொழியார் அதற்கு நான்கைந்து சொற்களைச் செலவிடுவர். ஆகவே இருநூறு சொல் கட்டுரை என்றால் தமிழ்ப் பிள்ளைக்கு உண்மையில் இடம் மிகுதி. ஆனால் இதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. பிரித்தெழுத வேண்டியவற்றையெல்லாம் சேர்த்தெழுதி எண்ணிக்கையைக் குறைக்கும் மாணவரை நான் பல்லாண்டு பார்த்திருக்கிறேன். புகைவண்டிப் பெட்டிகள்போல் ஐந்தாறு சொற்களைக் கோத்துவிட்டால் எண்ணிக்கை குறையும்; படிப்பவர் மூச்சும் குறையும். ஓலையிற் புள்ளியை விட்டது போலவே இதுவும். எழுதுவோன் மிச்சம் பிடிக்கின்றான். வாசிப்போன் கடன் கட்டுகின்றான்.

சுருக்கம் என்றவுடன் நம் நாவில் வருவது திருக்குறள். ஏழே சீர், ட்விட்டர் தொடங்கிய நாளின் 140-க்குள் எக்குறளும் இடங்கொள்ளும். இதனைச் சொல்லிச் சுருக்கமே தமிழின் சிறப்பென்று கைதட்டல் பெறுவது எளிது. ஆனால் குறளுக்குப் பரிமேலழகர் உண்டு. மணக்குடவர் உண்டு. இன்றளவும் உரை எழுதுவோர் ஓயவில்லை. அவ்வேழு சீரை விளக்கத் தலைமுறை தலைமுறையாக அறிஞர்கள் காத்திருக்கின்றனர். நீங்களும் நானும் எழுதும் மனுவுக்கு எந்த உரையாசிரியன் காத்திருக்கிறான்? அதனைப் படிக்கும் அலுவலர்க்கு அரை நிமிடம் இருந்தால் பெரிது. இதனை உணர்ந்தே போலும், பவணந்தியார் தம் நன்னூலில் நூலின் பத்து அழகுகளைச் சொல்லப் புகுந்தபோது, சுருங்கச் சொல்லுதலை அடுத்து விளங்க வைத்தலை வைத்தார். பத்துக் குற்றங்களைச் சொல்லப் புகுந்தபோதோ, மிகைபடக் கூறுதலுக்கும் முன்னதாகக் குன்றக் கூறுதலை வைத்தார். நீட்டிச் சொல்வது குற்றமே; ஆயினும் வேண்டியதை விட்டுவிடுவது வரிசையில் முதற்குற்றம். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வரிசையை இன்றைய படிவம் அமைப்போர் அறிந்தாரில்லை.

படிவம் என்றேன், அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அடுக்குமாடியில் வாழும் மூதாட்டி ஒருவர் என்னிடம் ஒரு காரியமாக வந்தார். இருபத்தேழு ஆண்டு ஒரே தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டது, மரங்கள் போயின, லயங்கள் போயின. ஆனால் அவர் பெயரில் உள்ள கணக்கில் முதல் ஏழாண்டு காணப்படவில்லை. முன்னாள் தோட்டத் தொழிலாளரின் குறைகளைத் தொகுப்பதாகவும், தமிழிலும் எழுதலாம் என்றும் ஒரு பொது அமைப்பு இணையத்தில் படிவம் வைத்திருந்தது. “குறையை 500 எழுத்துக்குள் எழுதுக” என்று கண்டிருந்தது. அம்மையார் ஒரு மணி நேரம் பேசினார். விடியற்காலைப் பிரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டதைச் சொன்னார். தலைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நெற்றி விளக்கோடு நிரைக்குப் போனதைச் சொன்னார். கணவர் பாம்பு கடித்து இறந்ததையும், மூன்றாம் நாளே தாம் மீண்டும் உளிக்கத்தி பிடித்ததையும் சொன்னார். நான் கேட்டுக் கேட்டு, இயந்திரம் எண்ணும் முறையிலேயே எண்ணி, 460 குறிகளில் அடக்கி விடுத்தேன்.

சற்று நேரத்தில் ஒப்புகைப் படி வந்தது. பாதிக்கும் மேல் காணோம்! கணவர் இறந்த செய்தியின் நடுவிலே, ஒரு சொல்லின் நடுவிலே அறுபட்டு, அதன் ஈற்றில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நின்றது. காரணம் பின்னர் விளங்கிற்று. அப்படிவம் எழுத்தை எண்ணவில்லை. எழுத்தைச் சேமிக்கும் எண்மக் கட்டுகளை எண்ணியது. உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு கட்டு. தமிழ்க்குறி ஒன்றுக்கு மூன்று கட்டு. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு 500 என்பது தமிழில் எழுதுவோர்க்கு இருநூறைக்கூட எட்டவில்லை. தமிழில் எழுதலாம் என்று வாயிலைத் திறந்து வைத்து, வாயிற்படியில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடுங்கிக்கொள்வது என்ன முறை? எவரும் வேண்டுமென்று செய்ததன்று. தமிழில் ஒருமுறை எழுதிச் சோதித்துப் பார்க்காமையே காரணம். ஆயினும் அறுபட்டது அம்மையாரின் வாக்கியம்.

மீண்டும் எழுதினோம். இம்முறை நான் அவரை ஒன்றே கேட்டேன்: “அம்மா, படிப்பவர் என்ன செய்யவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?” அவர் சற்றும் தயங்காமல், “அந்த ஏழு வருசத்தைக் கணக்கில் சேர்க்கணுங்க” என்றார். அதுவே மனுவாயிற்று: “1971 முதல் 1998 வரை இத்தோட்டத்தில் பால் வெட்டினேன். கணக்கில் 1978 முதலே காட்டப்பட்டுள்ளது. ஏழாண்டு விடுபட்டது. 1973-ஆம் ஆண்டுச் சம்பளச் சீட்டு என்னிடம் உண்டு. கணக்கைத் திருத்த வேண்டுகிறேன்.” இருபத்திரண்டு சொற்கள். இயந்திரக் கணக்கில் 189 குறிகள். 500 கட்டுக்குள் அடங்கிற்று. ஒன்றும் அறுபடவில்லை. சில நாளில், சம்பளச் சீட்டின் படியை அனுப்புமாறு பதிலும் வந்தது.

மனுவை நான் படித்துக் காட்டியபோது அம்மையார் மகிழ்ந்தாரில்லை. “எல்லாம் சரிதாங்க வாத்தியாரையா, நான் சொன்னதெல்லாம் எங்கேங்க போச்சு?” என்று கேட்டார். இக்கட்டுரை முழுதும் அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே. சுருக்கிய மனு நல்ல மனு என்பதில் எனக்கு ஐயமில்லை. அலுவலர்க்கு வேண்டியது ஆண்டு, இடம், குறை, சான்று, வேண்டுகோள் என்னும் ஐந்துமே. ஆயாக்கொட்டகையும் நெற்றி விளக்கும் அவர்க்கு வேண்டா. ஆனால் அவை உலகத்திற்கே வேண்டாதவையா? தோட்டங்கள் மறைந்து அவற்றின் பெயர்களும் மறைந்துவரும் இந்நாளில், அம்மையாரின் ஒரு மணி நேரப் பேச்சு, எந்த ஆவணக் களரியிலும் இல்லாத சரித்திரம் அன்றோ! அலுவலகத்திற்கு வேண்டியது விவரம்; சமூகத்திற்கு வேண்டியது வரலாறு. வரம்பிட்ட கட்டத்துக்குள் இரண்டையும் திணிக்க முயன்றால் இரண்டும் கெடும்.

ஆதலின் நான் இப்பொழுது இரண்டு எழுத்து எழுதுகின்றேன். ஒன்று கட்டத்துக்கு, ஒன்று குறிப்பேட்டுக்கு. மனு கொண்டு வருவோர் பேசியதைக் கோடிட்ட குறிப்பேட்டில் அவர் சொன்ன சொற்களாலேயே முழுதும் எழுதி, அவர் கையில் கொடுத்துவிடுகின்றேன். அதற்கு எண்ணிக்கை இல்லை, ஓரமும் உண்டு. அம்மையாரின் பேத்தி அதனைத் தட்டெழுதி வைத்திருக்கிறாள்.

கட்டத்துக்கு எழுதும் முறையைப் பற்றி இளைஞர்க்குச் சில சொல்ல விரும்புகின்றேன். எழுதுமுன், படிப்பவர் செய்யவேண்டிய செயல் யாது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். அது வாராவிடின் இன்னும் எழுதற்காலம் வரவில்லை என்று கொள்ளுங்கள். ஒரு மனுவில் ஒரு குறையே கூறுங்கள். “என்பதனைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்” என்பன போன்ற வாலை வெட்டுங்கள். பெயரையும் ஆண்டையும் எண்ணையும் ஒருபோதும் வெட்டாதீர்கள். மரியாதை சொல்லின் நீளத்தில் இல்லை, சொல்லின் நேர்மையில் உண்டு. புள்ளியையும் சந்தியையும் விட்டு இடம் பிடிக்காதீர்கள். ஒரு கருத்தை விட்டு இடம் பிடியுங்கள். இடம் போதாதெனில் கடைசி வாக்கியத்தை வெட்டுவது வழக்கம். அது தவறு, வேண்டுகோள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதல் வாக்கியத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் தொண்டையைச் செருமும் ஓசையே. விடுத்தபின் ஒப்புகைப் படியை இறுதிவரை படியுங்கள். தமிழ் அறுபட்டிருந்தால் அப்படிவத்தை நடத்துவோர்க்கு உடனே எழுதுங்கள். நாம் கேளாதவரை, எவரோ எவர்க்காகவோ இட்ட எண் நம்மை ஆண்டுகொண்டிருக்கும்.

படிவம் அமைக்கும் நம் இளம் பொறியாளர்கட்கும் ஒரு சொல். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இத்தொழில் பயின்ற தமிழ்ப் பிள்ளைகள் இன்று உளர். நீங்கள் ஒரு கட்டம் அமைக்கும்போது உங்கள் பாட்டியின் பெயரையும் ஊரையும் குறையையும் தமிழில் அதனுள் இட்டுப் பாருங்கள். எழுத்தை எண்ணுகிறதா, கட்டை எண்ணுகிறதா என்று சோதியுங்கள். அறுக்கத்தான் வேண்டும் எனில் அறுக்கப்போவதை முன்னரே அறிவியுங்கள். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. சிறிது எண்ணம் வேண்டும்.

எண்ணுதல் என்பதற்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதலும் எண்ணுதல், சிந்தித்தலும் எண்ணுதல். இயந்திரம் முதற்பொருளில் எண்ணும். இரண்டாம் பொருளில் எண்ணும் கடமை நம்முடையது. எழுத்தை எண்ணுமுன் படிப்பவரை எண்ணுவோம்; வெட்டுமுன் வெட்டுண்பது யாருடைய வாழ்வு என்பதை எண்ணுவோம். கட்டத்துள் அடங்காததை எறிந்துவிடாமல் எடுத்து வைக்க ஒரு குறிப்பேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.